ஹேட்டரஸ் முனை கலங்கரை விளக்கம்: ஆபத்து கடலுக்குள்ளே, விளக்கு கரையிலே. ஏன்?

#1 வடக்குவாடை

அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் ஹேட்டரஸ் முனை விளக்கைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 1999-ல் கோபுரத்தை அப்படியே நகர்த்திய படத்தைப் போட்டுவிட்டு முடித்துவிடுகிறோம். என் கேள்வி அதற்கும் முந்தையது. கப்பல்களை விழுங்குவது டைமண்ட் மணல்திட்டு. அது கரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 10 மைல் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அப்படியிருக்க விளக்கைத் திட்டின் மேலேயே கட்டாமல் கரையில் கட்டியது ஏன்? ஸ்காட்லாந்தில் பெல் ராக் விளக்கு 1811-லேயே நடுக்கடலில் எரிய ஆரம்பித்துவிட்டதே.

இன்னொன்று: மணல் தீவில், தண்ணீர் ஊறும் குழியில், 198 அடி செங்கல் கோபுரத்தை எப்படி நிறுத்தினார்கள்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 நங்கூரம்

பெல் ராக் பாறை, டைமண்ட் மணல். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தெற்கிலிருந்து கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெந்நீரோட்டம் இந்த முனையை ஒட்டி வந்து வடகிழக்கே திரும்புகிறது. வேகம் 3 முதல் 4 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). வடக்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் ஒன்று கரையோரமாக இறங்குகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் கரை முழங்கை மாதிரி மடிந்திருக்கிறது. கரையோரமாக வரும் மணல் அந்த மடிப்பைச் சுற்றித் திரும்ப முடியாமல் நேராகக் கடலுக்குள் போய்ப் படிகிறது. அந்தப் படிவுதான் திட்டு. அதுவும் ஒரே திட்டு இல்லை: கரையை ஒட்டி ஹேட்டரஸ் திட்டு, அடுத்து உள் டைமண்ட், கடைசியில் வெளி டைமண்ட். நடுவில் இரண்டு கால்வாய்கள். ஒரு புயல் அடித்தால் கால்வாய் இடம் மாறும், ஆழமும் மாறும். போன வருட வரைபடத்தை நம்பி உள்ளே நுழைகிறவர் தரைதட்டத் தயாராக இருக்க வேண்டும்.

அவ்வளவு ஆபத்தான இடத்துக்குக் கப்பல் ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். வடக்கே போகிறவருக்குச் சிக்கல் குறைவு, ஓட்டத்தில் ஏறிக்கொண்டால் அதுவே இழுத்துப் போகும். தெற்கே வருகிற பாய்மரக் கப்பலுக்குத்தான் வில்லங்கம். 6 நாட் வேகத்தில் வருகிறவர் ஓட்டத்துக்குள் மாட்டினால் பாதி வேகத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். அதனால் ஓட்டத்தின் உள்விளிம்புக்கும் திட்டின் வெளிமுனைக்கும் இடையே உள்ள சந்தில் நுழைவார்கள். திட்டை எவ்வளவு நெருக்கமாகச் சுற்றுகிறாரோ அவ்வளவு நேரம் மிச்சம். வாடைக்காற்று சற்றுத் தள்ளினால் கதை முடிந்தது. "அட்லாண்டிக்கின் மயானம்" என்று அந்தப் பகுதிக்குப் பெயர் வந்தது இந்தச் சந்தால்தான்.

ஆகவே மாலுமிக்கு வேண்டியது, வெளிமுனைக்கும் அப்பால் இருந்து பார்த்தாலே தெரிகிற விளக்கு. அது கரையில் இருந்தாலும் சரிதான், போதுமான உயரமும் வெளிச்சமும் இருந்தால். ஆரம்பத்தில் இரண்டுமே இல்லை என்பதுதான் சோகம்.

#3 வில்லைக்காரர்

நங்கூரம் சொன்னதைக் கணக்கில் பார்த்துவிடலாம். விளக்கின் உயரம் மீட்டரில், அதன் வர்க்கமூலம், பெருக்கல் 2.08. வருவது கடல் மைல். பார்க்கிறவர் கண்ணின் உயரத்துக்கும் அதே கணக்குப் போட்டுக் கூட்ட வேண்டும்.

முதல் கோபுரத்தை நாடாளுமன்றம் 1794-ல் அனுமதித்தது. ஹென்றி டியர்பார்ன் கட்டினார். 1803-ல் விளக்கு எரிந்தது. மணற்கல் கோபுரம், 90 அடி. விளக்கு கடல்மட்டத்திலிருந்து 112 அடியில், அதாவது சுமார் 34 மீட்டர். அதற்கு 12.1 கடல் மைல். தளத்தில் நிற்கிறவரின் கண் 5 மீட்டரில் என்றால் 4.65. மொத்தம் 16.8 கடல் மைல். கணக்கில் பார்த்தால் வெளிமுனையைத் தாண்டித் தெரியத்தான் வேண்டும். ஆனால் இது பூமியின் வளைவு மறைக்காத தூரம் மட்டுமே. அந்தத் தூரத்துக்கு வெளிச்சம் போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி.

போய்ச் சேரவில்லை. 18 விளக்குகள், திமிங்கில எண்ணெய், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பிரதிபலிப்பான். வின்ஸ்லோ லூயிஸ் என்பவர் அரசுக்கு விற்ற ஏற்பாடு இது. பிரதிபலிப்பான் பரவளைய வடிவத்தில் இருந்தால்தான் ஒளி இணைகற்றையாகப் போகும். லூயிஸின் தகடுகள் மெல்லியவை, வடிவமும் சரியில்லை. மேலே பூசிய வெள்ளி வேறு, காவலர் தேய்த்துத் துடைக்கத் துடைக்கக் கரைந்துபோகும். கொஞ்ச காலத்தில் மங்கின செம்புத் தட்டுதான் மிச்சம்.

பிரான்சில் ஃப்ரெனல் வில்லை, அதாவது சுடரின் ஒளியைக் கற்றையாகக் குவித்து அனுப்பும் கண்ணாடிப் பட்டக அடுக்கு, 1823-லேயே கோர்டுவான் விளக்கில் எரிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் கலங்கரை விளக்கங்கள் 1820 முதல் 1852 வரை ஸ்டீபன் பிளெசன்டன் என்ற கணக்கு அதிகாரியின் கையில் இருந்தன. சிக்கனத்துக்குப் பேர்போனவர். வில்லை விலை அதிகம் என்று ஒதுக்கினார். கப்பல் உடைந்த செலவு அவருடைய பேரேட்டில் வராதே! 1851-ல் டேவிட் போர்ட்டர் என்ற கடற்படை அதிகாரி, நம் கடற்கரையிலேயே முக்கியமான இந்த விளக்குதான் உலகத்திலேயே மோசமான விளக்கு என்ற பொருளில் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் கலங்கரை விளக்க வாரியம் அமைந்தது. 1854-க்குள் கோபுரத்தை 150 அடிக்கு உயர்த்தி, முதல்தர ஃப்ரெனல் வில்லையைப் பொருத்திவிட்டார்கள்.

#4 கரைமேட்டான்

முதல்தரம் என்றால் தரத்திலா, அளவிலா?

#5 வில்லைக்காரர்

அளவில்தான். சுடருக்கும் வில்லைக்கும் இடையிலான குவியதூரத்தை வைத்து வகை பிரிக்கிறார்கள். முதல்தரத்துக்கு 920 மில்லிமீட்டர். வில்லைக் கூண்டுக்குள் ஆள் நின்று திரியைச் சரிசெய்யலாம். ஹேட்டரஸில் இருந்தது 24 பலகைகள் கொண்டது, சுமார் 1,000 கண்ணாடிப் பட்டகங்கள், பாரிஸ் ஹென்றி லெபோட் பட்டறையில் செய்தது. கூண்டு முழுவதும் எடை தொங்கவிட்ட கடிகாரப் பொறியால் சுழலும். ஒரு பலகை கடக்கும்போது ஒரு ஒளிவீச்சு. பொறியின் எடை கீழே இறங்கி முடிவதற்குள் காவலர் மறுபடி முறுக்க வேண்டும். வேகம் தவறினால் ஒளிவீச்சின் இடைவெளி தவறும், மாலுமி வேறு விளக்கு என்று நினைத்துவிடுவார். மங்கின விளக்கைவிட இது ஆபத்து.

உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ல் தென்மாநிலப் படைகள் வில்லையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன. 1862-ல் விளக்கு மறுபடி எரிந்தது.

#6 நங்கூரம்

வடக்குவாடையின் முதல் கேள்விக்கு மீதிப் பதில். திட்டின் மேல் கட்ட முயலாமல் இல்லை.

1824-ல் விளக்குக் கப்பல் ஒன்றை அங்கே நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். நங்கூரச் சங்கிலி அறுந்து அறுந்து, 1827-ல் கரையில் ஏறி உடைந்தது. நீளமான அலைகள் சங்கிலியைத் திரும்பத் திரும்ப விறைக்கவைத்துத் தளர்த்தும். அதில் கண்ணி தேயும். அந்தக் கால இரும்பு எத்தனை நாள் தாங்கும்? அதன்பின் பல பத்தாண்டுகள் யாரும் முயலவில்லை.

1891-ல் கிணறு இறக்கிக் கட்டப் பார்த்தார்கள். பாலத்துக்குக் கிணறு இறக்குகிற அதே முறை: அடி திறந்த இரும்பு உருளை, விட்டம் 54 அடி. மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டுபோய் வெளி டைமண்டில் அமிழ்த்தி, உள்ளே மணலை அள்ள அள்ளக் கீழே இறங்க வேண்டும், பிறகு கான்கிரீட் போட்டு நிரப்ப வேண்டும். தரையைத் தொட்டவுடனே வினை ஆரம்பித்தது. ஓடுகிற தண்ணீரில் ஒரு தடையை வைத்தால் அதன் இரு பக்கமும் வேகம் கூடும், அடிமண் பறியும். ஒரு பக்கம் அதிகமாகப் பறிந்தால் உருளை அந்தப் பக்கம் சாயும். மேலே அலை இயந்திரங்களை அடித்துப் போட்டது. கைவிட்டார்கள்.

அப்படிக் கட்டவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியில் ரோட்டர் ஸாண்ட் விளக்கை 1885-ல் இதே முறையில் கட்டி முடித்தார்கள். அங்கும் 1881-ல் இறக்கிய முதல் கிணறு புயலில் போனது. இரண்டாவது முறை சுற்றிலும் விறகுக்கட்டு மெத்தை விரித்துக் கல் ஏற்றி அடிமண்ணைப் பிடித்துவைத்தார்கள். ஹேட்டரஸில் மெத்தை விரித்தாலும் நின்றிருக்குமா என்பது சந்தேகம். அங்கே பறிகிறது உருளைக்கு அடியில் உள்ள மண் மட்டுமா, திட்டே நடமாடுகிறதே.

1897 முதல் மறுபடி விளக்குக் கப்பல்தான், இம்முறை நீராவி இயந்திரத்தோடு. புயலில் இயந்திரத்தை ஓட்டிச் சங்கிலியின் பாரத்தைக் குறைக்கலாம். 1918 ஆகஸ்ட் 6-ல் அங்கிருந்த 71-ஆம் எண் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி யு-140 மூழ்கடித்தது. நீர்மூழ்கி நடமாட்டத்தை அது கம்பியில்லாத் தந்தியில் மற்றக் கப்பல்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததே காரணம். ஆட்கள் படகில் இறங்கித் தப்பினார்கள். 1966-ல்தான் எஃகுக் கால்கள் ஊன்றிய மேடை வந்தது. அதுவும் திட்டுக்கு வெளியே, ஆழமான தண்ணீரில். 2001-ல் அதை அணைத்துவிட்டார்கள்.

#7 கரைமேட்டான்

மானிட்டர் போர்க்கப்பலும் இந்தத் திட்டில்தானே போனது?

#8 நங்கூரம்

எல்லாரும் அந்தப் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். 1862 டிசம்பர் 31 அதிகாலை, இழுவையில் போகும்போது புயலில் தண்ணீர் ஏறி மூழ்கியது. சிதைவை 1973-ல் கண்டுபிடித்தபோது 230 அடி ஆழத்தில் கிடந்தது. திட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திட்டில் மாட்டியதற்கு உதாரணம் வேண்டுமென்றால் கரோல் ஏ. டீரிங். ஐந்து பாய்மரம், 1921 ஜனவரி 31 காலையில் எல்லாப் பாயும் விரித்தபடி டைமண்டில் ஏறி நின்றது. உள்ளே ஒரு ஆள் இல்லை. ஏன் இல்லை என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

#9 கடைக்கால்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பழைய கோபுரத்தில் விரிசல். 1867-ல் புதியதற்கு 75,000 டாலர் ஒதுக்கினார்கள். பழையதிலிருந்து 600 அடி வடகிழக்கே இடம். வேலையை நடத்தியவர் டெக்ஸ்டர் ஸ்டெட்சன். 1868 அக்டோபரில் தொடங்கி, 1870 டிசம்பர் 16-ல் விளக்கு ஏறியது.

திட்டப்படி மரத்தூண்கள் அடித்து மேலே கட்ட வேண்டும். குழி தோண்டியபோது சில அடிகளிலேயே நன்னீர் ஊற்று. அதற்குக் கீழே மணல் இறுகிக் கிடந்தது, தூண் இறங்குவதாக இல்லை. ஸ்டெட்சன் திட்டத்தை மாற்றினார். குழியைச் சுற்றித் தடுப்புக் கட்டி, பம்பு வைத்து நீரை இறைத்தார். 6 அங்குலத்துக்கு 12 அங்குலம் மஞ்சள் பைன் கட்டைகளை ஒரு வரிசை நெடுக்கே, அடுத்த வரிசை குறுக்கே பரப்பினார். அதன்மேல் கருங்கல்லும் சிமென்ட் சாந்தும். பிறகு பம்பை நிறுத்தித் தண்ணீரைப் பழையபடி ஏறவிட்டார். மரம் முழுசாக நன்னீருக்குள் மூழ்கிவிட்டது.

மரம் அழுகாதா என்று எல்லாரும் கேட்பார்கள். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். நிரந்தரமாக முங்கிக் கிடந்தால் காற்று இல்லை, பூஞ்சையும் இல்லை. கெடுவது நனைந்து காய்ந்து நனைகிற மரம்தான். கீழே இறுகிய மணல் பக்கவாட்டில் நகராமல் இருக்கும்வரை பாரத்தைத் தாங்கும். ஆக அந்தக் கடைக்காலுக்கு இரண்டு நிபந்தனைகள்: நிலத்தடி நீர்மட்டம் இறங்கக் கூடாது, சுற்றியுள்ள மணல் போகக் கூடாது. 1870-ல் கடல் 1,500 அடி தள்ளி இருந்தது, இரண்டையும் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

மேலே சுமார் 12.5 லட்சம் செங்கல். வெளிச்சுவர் கூம்பு, உள்சுவர் உருளை, இடையில் செங்கல் விலாச்சுவர்கள். முழுச்சுவராகக் கட்டினால் எடை எகிறும். ஒற்றைச்சுவர் புயற்காற்றில் வளையும். இது இரண்டுக்கும் நடுவழி. 1879-ல் இடி விழுந்து சுவரில் விரிசல் தெரிந்தது. கோபுரத்தின் இரும்பு வேலைகளை ஒரு கம்பியால் இணைத்து, மண்ணில் புதைத்த இரும்புத் தட்டுக்கு இறக்கினார்கள். இரும்புப் படிக்கட்டு உள்ள உயரமான கட்டடத்தில் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

#10 கரைமேட்டான்

கறுப்பு வெள்ளைச் சுருள் கோடு, வர்ணம் அடித்தவர்கள் வரைபடத்தை மாற்றிவிட்டதால் வந்தது என்று படித்தேன். டைமண்ட் திட்டுக்கு டைமண்ட் கட்டம் வர வேண்டியதாம், அது அதே கரையில் இருக்கும் லுக்அவுட் முனை விளக்குக்குப் போய்விட்டதாம்.

#11 வடக்குவாடை

கட்டுக்கதை. அந்தக் கரையில் கோபுரங்கள் ஒன்று போலவே இருந்ததால் பகலில் அடையாளம் தெரியவில்லை. 1873-ல் வாரியமே ஒவ்வொன்றுக்கும் ஒரு கோலத்தை ஒதுக்கியது. ஹேட்டரஸுக்குச் சுருள், லுக்அவுட்டுக்குக் கட்டம், போடி தீவுக்குக் கிடைப்பட்டை. சுருள் நான்கு பட்டைகள், ஒவ்வொன்றும் கோபுரத்தை ஒன்றரைச் சுற்று சுற்றும்.

கடைக்கால் சார், கடல் நெருங்கியதும் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் தடுப்புச்சுவர்) போட்டார்கள்தானே? இன்னொன்றைச் சேர்த்துப் போட்டிருந்தால் நகர்த்தியே இருக்க வேண்டாம் என்று ஒரு கட்சி இன்றும் சொல்கிறது.

#12 கடைக்கால்

தூண்டில் வளைவு மணலை உண்டாக்காது. கரையோரம் ஓடுகிற மணலைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். இங்கே மணல் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. வளைவின் வடபக்கம் கரை மேடேறும், தென்பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராது, அங்கே அரிக்கும்.

கடல் வந்த வேகத்தைப் பாருங்கள். 1870-ல் 1,500 அடி, 1919-ல் 300, 1935-ல் 100. 1936-ல் கோபுரத்தைக் கைவிட்டு, உள்ளே பக்ஸ்டன் காட்டில் இரும்புச் சட்டக் கோபுரத்துக்கு விளக்கை மாற்றினார்கள். எஃகுத் தகடு வளைவுகளும் செயற்கை மணல்மேடுகளும் போட்டதில் கரை கொஞ்சம் மீண்டது, 1950-ல் விளக்கு திரும்ப வந்தது. ஆளில்லாத அந்த இடைக்காலத்தில் வில்லையின் பட்டகங்களை ஆளாளுக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதனால் வானூர்தி வழிகாட்டி விளக்கைப் பொருத்தினார்கள்.

1969 வாக்கில் கான்கிரீட்டில் மூன்று தூண்டில் வளைவுகள். பக்கத்திலிருந்த கடற்படை நிலையத்தையும் சேர்த்துக் காப்பாற்ற. கோபுரம் நின்றதோ வரிசையின் தென்கோடியில். கடல் முன்பக்கமாக வராமல் தென்பக்கமாகச் சுற்றி வந்தது. 1980 புயலில் 1803 கோபுரத்தின் கடைக்கால் மிச்சமே அடித்துக்கொண்டு போனது. நான்காவது வளைவு போட்டால் அரிப்பு அதற்கும் தெற்கே நகரும், அவ்வளவுதான். செயற்கைக் கடற்பாசிகூடப் பதித்துப் பார்த்தார்கள். சுற்றிலும் சுவர் எழுப்பலாம் என்றால், கரை பின்வாங்கப் பின்வாங்கக் கோபுரம் தனித் தீவாகிவிடும். 1988-ல் தேசிய அறிவியல் அகாதெமி எல்லா வழிகளையும் எடைபோட்டு, நகர்த்துவதே சரி என்றது. அதன்பிறகும் பத்து வருடம் வாதாடினார்கள்.

#13 கரைமேட்டான்

செங்கல் கோபுரத்தைத் தூக்கினால் விரிசல் விடாதா? செங்கல் இழுவிசை தாங்காதே.

#14 கடைக்கால்

தாங்காது. அதனால்தான் முழு வேலையும் இழுவிசை வராமல் பார்த்துக்கொள்கிற வேலை.

எடை சுமார் 4,800 டன். முதலில் கடைக்காலின் கருங்கல்லைப் பகுதி பகுதியாக அறுத்து எடுத்து, எடுத்த இடத்தில் உடனே எஃகுத் தாங்கிகளைச் செருகினார்கள். முழுவதும் மாற்றியபின் முதன்மை உத்திரங்கள், குறுக்கு உத்திரங்கள், அவற்றில் 100 நீரழுத்த ஜாக்கிகள். 6 அடி தூக்கி, அடியில் உருளைகளும் தண்டவாள உத்திரங்களும்.

சூட்சுமம் ஜாக்கிகளின் குழாய் இணைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு ஜாக்கிக்கும் தனி அழுத்தம் கொடுத்தால், தரை ஓரிடத்தில் அமிழும்போது அந்த ஜாக்கி பாரத்தை விட்டுவிடும், பக்கத்து ஜாக்கி மேல் பாரம் ஏறும், மேலே செங்கல் முறுக்கப்படும். அதனால் 100-ஐயும் மூன்று தொகுதியாகப் பிரித்தார்கள். ஒரு தொகுதிக்குள் எல்லாம் ஒரே குழாய், ஒரே அழுத்தம். தரை அமிழ்ந்த இடத்தில் ஜாக்கி நீளும், பாரம் மாறாது. மூன்று தொகுதி என்பது மூன்று கால் மாதிரி. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும்.

தள்ளியவை ஐந்து ஜாக்கிகள், ஒரு தள்ளுக்கு 5 அடி. பிறகு பிடியைத் தளர்த்தி முன்னே நகர்த்திப் பூட்டி மறுபடி. மொத்தம் 2,900 அடி என்றால் 580 தள்ளு. பாதை முழுக்க ஜல்லி கொட்டி இறுக்கி, மேலே எஃகு விரிப்புகள். கடந்துபோன விரிப்பைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போடுவார்கள். உத்திரத்தில் தேய்க்கச் சாதாரண சோப்புக்கட்டி! எண்ணெய் போட்டால் மணல் ஒட்டும், சோப்பில் அந்தத் தொல்லை குறைவு. சாய்வு, அதிர்வு, வெப்பம் பார்க்கச் சுமார் 60 உணரிகள். 1999 ஜூன் 17-ல் தொடங்கி ஜூலை 9-ல் 23-ஆம் நாள் முடித்தார்கள். காவலர் வீடுகளும் எண்ணெய்க் கிடங்கும் அதற்கு முன்பே நகர்ந்து, பழைய அமைப்பிலேயே திரும்ப உட்கார்ந்திருந்தன. புதிய கடைக்கால் 60 அடிக்கு 60 அடி, 4 அடி தடிமன் கான்கிரீட் பலகை, அதற்கும் கோபுரத்துக்கும் நடுவே செங்கல் வேலை. இந்த முறை மரம் கிடையாது. கடல் மறுபடி 1,600 அடி தூரத்தில்.

இரண்டு மாதத்துக்குள் டென்னிஸ் சூறாவளி அந்தக் கரையை அடித்தது. பழைய இடத்தில் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று வளைவுக் கட்சிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

#15 வடக்குவாடை

அருமை. கடைசியாக ஒன்று. விளக்கு இடம் மாறியது மாலுமிக்குத் தெரிய வேண்டாமா?

#16 நங்கூரம்

தெரிந்தே ஆக வேண்டும். ஒளிவீச்சு மாறவில்லை: 7.5 நொடிக்கு ஒன்று. விளக்கில் இரண்டு கற்றைகள், 15 நொடிக்கு ஒரு சுற்று. ஆனால் இடம் தென்மேற்கே 2,900 அடி, அதாவது 0.48 கடல் மைல் தள்ளிப்போனது. திட்டின் வெளிமுனைப் பக்கம், தென்கிழக்கே 10 கடல் மைலில் நின்று திசை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த நகர்வு உங்கள் பார்வைக்கோட்டுக்கு ஏறக்குறைய செங்குத்து. பழைய வரைபடத்தில் கோடு போட்டால் 2.7 பாகை பிழை, கப்பலின் இடம் அரை மைல் தவறும். விளக்கையும் திட்டையும் வைத்து இடம் குறிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தின் திருத்தத் தேதியைத்தான்.